தரவு சேர்ந்த பிறகும் ஆய்வேடு ஏன் நகர்வதில்லை?

கேள்வி இது: "தமிழ் இலக்கியத்தில் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை, வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. ஐந்தாம் ஆண்டு ஓடுகிறது. தரவெல்லாம் சேர்த்தாயிற்று. எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம் தாண்டவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா? ஆய்வேடு எழுதுவதில் சிக்கல் எங்கே வருகிறது?"

உங்களுக்கு மட்டும் இல்லை. நானும் தமிழிலேயே ஆய்வு செய்து பட்டம் வாங்கியவன். அதன் பிறகு பல ஆண்டுகளாக ஆய்வு மாணவர்களோடு உட்கார்ந்து அவர்கள் எழுதிய இயல்களைப் படித்து வருகிறேன். பாதியில் நின்றுபோனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் படிக்காமல் நின்றவர்கள் மிகக் குறைவு. நிறையப் படித்து, அலமாரி நிறையச் சேர்த்து, எழுத்தைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைத்து நின்றவர்கள்தான் அதிகம்.

முதலில் காலக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பயத்தில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு வரை கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு உண்டு, மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக் கூடாது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. அந்த 2022 விதி வருவதற்கு முன்பே பதிவு செய்தவராக இருந்தால் உங்களுக்கு 2016 விதிதான் பொருந்தும். அதிலும் 6 ஆண்டுக்கு மேல் பெண்களுக்கு 2 ஆண்டு சலுகை இருக்கிறது. ஆனால் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரை, இரண்டு கருத்தரங்கக் கட்டுரைகள் என்ற கட்டாயமும் அதில் இருக்கிறது. 2022 விதி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது, பல்கலைக்கழகம் தன் அளவில் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் பதிவுக் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர்கள் சொல்வதை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். இந்த விஷயத்தில் வாய்வழிச் செய்தி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

சரி, இப்போது எழுத்துக்கு வருவோம்.

நம் தமிழ்த் துறைகளில் ஆய்வு என்றால் சான்று திரட்டுவது, திரட்டியதை வகைப்படுத்துவது என்று ஒரு வழக்கம் ஆழமாக இறங்கியிருக்கிறது. "சங்க இலக்கியத்தில் பெண்கள்" என்று தலைப்பு வாங்கிக்கொண்டு தலைவி, தோழி, செவிலி, பரத்தை, விறலி என்று ஆளுக்கொரு இயல் பிரிப்போம். ஒவ்வொன்றின் கீழும் பாடல் அடிகளைக் கொடுத்து, அதன் பொருளைச் சொல்லி, அடுத்த அடிக்குப் போவோம். சங்கப் பாடல்கள் 2381. அத்தனையிலும் பெண்ணைப் பற்றி ஏதாவது இருக்கத்தான் செய்யும். ஆகவே சேகரிப்பு முடியவே முடியாது. முடிந்தாலும், அதை வைத்து என்ன சொல்லப் போகிறோம் என்பது கடைசி வரை தெரியாது. "ஒரு பக்கம் தாண்டவில்லை" என்று நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய சந்தேகம் இதுதான். கையில் தரவு இருக்கிறது, கேள்வி இருக்கிறதா?

கேள்வி என்று நான் சொல்வது தலைப்பை அல்ல. ஓர் உதாரணம் சொல்கிறேன். குறுந்தொகையில் ஒவ்வொரு பாடலோடும் ஒரு கூற்றுக் குறிப்பு வருகிறது: தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று என்று. அந்தக் குறிப்புகள் பாடிய புலவர்கள் எழுதியவை அல்ல, பின்னால் சேர்ந்தவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அப்படியென்றால் குறிப்பை மறைத்துவிட்டுப் பாடலை மட்டும் படித்தால், பேசுவது யார் என்று பாடலே சொல்கிறதா? 40ஆம் பாடலை எடுங்கள், எல்லோருக்கும் தெரிந்த செம்புலப் பெயனீரார் பாடல். "யானும் நீயும் எவ்வழி அறிதும்" என்று கேட்பது ஆணா பெண்ணா என்பதற்கு அந்த ஐந்து அடிக்குள் எந்தச் சான்றும் இல்லை. குறிப்புதான் அதைத் தலைவனிடம் கொடுக்கிறது. இப்போது பாருங்கள், கேள்வி பிறந்துவிட்டது. எத்தனை பாடல்களில் பேசுபவர் யார் என்று பாடலுக்குள்ளேயே தெரிகிறது? எந்தச் சொல்லால் தெரிகிறது? தெரியாத இடங்களில் குறிப்பு எழுதியவர்கள் எதை வைத்து முடிவு செய்தார்கள்? தொல்காப்பியத்தின் கூற்று விதிகள் அதில் எவ்வளவு தூரம் வேலை செய்திருக்கின்றன?

இந்தக் கேள்வி கையில் இருந்தால் 401 பாடல்களையும் ஒரு குறிப்பிட்ட கண்ணோடு படிக்க முடியும். எதைக் குறிப்பெடுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரியும். "வாழி தோழி" என்ற விளி தனியாக முக்கியமாகிவிடும். தலைவி தோழியையும் தோழி என்கிறாள், தோழி தலைவியையும் தோழி என்கிறாள், அதனால் விளியை மட்டும் நம்ப முடியாது. அங்கே ஒரு சிக்கல் எழும், அந்தச் சிக்கலே ஓர் இயலாகும். பரத்தை பற்றிய அழகான பத்துப் பாடல்கள் உங்கள் குறிப்பேட்டில் இருக்கலாம், இந்தக் கேள்விக்கு வேண்டாமென்றால் அவற்றைத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைப்பது கஷ்டம்தான். இரண்டு வருடம் உட்கார்ந்து எடுத்த குறிப்புகளைப் பயன்படுத்தாமல் விட மனசு வராது. ஆனால் எடுத்த குறிப்பு எல்லாம் ஆய்வேட்டுக்குள் வந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் பல இயல்களை மூழ்கடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தலைப்பு என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் இதைச் செய்து பாருங்கள். உங்கள் துறையில் இல்லாத ஒருவரிடம், உங்கள் தங்கையோ பக்கத்து வீட்டு அக்காவோ யாராவது ஒருவரிடம், "நான் இதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அந்த வாக்கியம் வந்துவிட்டால் எழுத்தும் வந்துவிடும். வரவில்லை என்றால் இன்னும் தரவு சேர்ப்பதால் பயன் இல்லை. இருக்கிற தரவில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து, அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதிப் பாருங்கள். பலருக்கும் கேள்வி எழுதும்போதுதான் கிடைக்கிறது. ஆய்வை முடித்துவிட்டுக் கடைசியில் அதைப் பிரதியாக்குவதுதான் எழுதுவது என்று நமக்குச் சொல்லித்தந்துவிட்டார்கள். நான் பார்த்தவரை எழுத எழுதத்தான் ஆய்வே நடக்கிறது.

அடுத்தது, எங்கே தொடங்குவது. பெரும்பாலோர் முன்னுரையில் தொடங்குகிறார்கள். அப்புறம் முதல் இயலாக "தோற்றமும் வளர்ச்சியும்" வருகிறது. நாவலைப் பற்றிய ஆய்வென்றால் நாவலின் தோற்றமும் வளர்ச்சியும், பெண்ணியம் என்றால் பெண்ணியத்தின் தோற்றமும் வளர்ச்சியும், கூடவே ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு. அறுபது பக்கம் ஓடிவிடும், ஓர் ஆண்டும் ஓடிவிடும். அந்த அறுபது பக்கத்தில் இருப்பதெல்லாம் ஏற்கெனவே பத்துப் புத்தகங்களில் இருக்கும். எழுதுபவருக்கே அதில் ஆர்வம் இருக்காது, அதனால் கையும் ஓடாது. என் பரிந்துரை: உங்களிடம் எந்தப் பகுதிக்குச் சான்று மிகத் தெளிவாக இருக்கிறதோ அந்த நடு இயலில் தொடங்குங்கள். முன்னுரையைக் கடைசியாக எழுதுங்கள். என்ன சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்த பிறகு அறிமுகம் எழுதினால் பத்து நாளில் முடிந்துவிடும்.

ஆய்வு முன்னோடிகளைத் தேடுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதில் பலர் நேரத்தை இழக்கிறார்கள். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இருக்கின்றன. தமிழ் ஆய்வேடுகளைத் தேடும்போது தலைப்பு சில இடத்தில் தமிழ் எழுத்திலும், சில இடத்தில் ரோமன் எழுத்திலும், சில இடத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும் இருக்கும். குறுந்தொகையையே ரோமன் எழுத்தில் நாலைந்து விதமாக எழுதலாம் அல்லவா, அத்தனை விதமாகவும் தேடுங்கள். பழைய ஆய்வேடுகள் பல இன்னும் துறை நூலகங்களில் அட்டை போட்டுத் தூங்குகின்றன, நேரில் போனால்தான் கிடைக்கும். நூல்களுக்கு, சென்னையில் இருந்தால் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகமும் போதும், பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. வெளியூரிலிருந்து ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டு வருபவர் என்ன நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று பட்டியலோடு வர வேண்டும். பதிப்பு என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கன் 1915இல் பதிப்பித்தார், உ.வே.சா. பதிப்பு 1937இல் வந்தது. பாடம் வேறுபடும் இடங்கள் உண்டு. எந்தப் பதிப்பை அடிப்படையாக வைத்திருக்கிறீர்கள், ஏன் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பின்னால் ஒவ்வொரு மேற்கோளையும் மறுபடி சரிபார்க்கும் வேலை மிச்சமாகும்.

மொழி. தமிழில் எழுதுகிறோம், தாய்மொழிதானே, இதில் என்ன சிக்கல் என்று நினைப்போம். ஆய்வேட்டுத் தமிழ் என்று ஒன்று உருவாகி, எழுதுபவர்களைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. "என்பதை அறியமுடிகிறது", "எனலாம்", "காணக்கிடக்கிறது", "என்பது புலனாகிறது". ஒவ்வொரு பத்தியும் இப்படியே முடிகிறது. யார் அறிந்தது? எதிலிருந்து புலனானது? ஒரு மாணவரின் இயலில் "இப்பாடலின் வழி சங்ககால மகளிரின் நிலையை அறியமுடிகிறது" என்று ஒரு வாக்கியம் இருந்தது. என்ன நிலை என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "கணவன் திரும்பி வரும் வரை அவள் வெளியே யாரிடமும் பேச முடியாது, தோழி மூலமாகத்தான் பேசுகிறாள்" என்றார். அதையே எழுதுங்கள் என்றேன். அவர் சொன்னது ஒரு கருத்து. அதைச் சரி என்றும் தவறு என்றும் வாதிட முடியும், சான்று காட்ட முடியும். எழுதியிருந்ததை ஒன்றுமே செய்ய முடியாது. உங்கள் இயலில் "அறியமுடிகிறது" வரும் இடத்தையெல்லாம் கோடிட்டுப் பாருங்கள், எங்கெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

கலைச்சொல்லிலும் ஒரு தொல்லை இருக்கிறது. கோட்பாட்டு நூல்களைத் தமிழில் படிக்கும்போது டிஸ்கோர்ஸ் என்ற ஒரே கருத்தை ஒருவர் சொல்லாடல் என்பார், இன்னொருவர் கருத்தாடல் என்பார், மூன்றாமவர் வேறொரு சொல்லைப் போடுவார். மூன்று பேரைப் படித்துவிட்டு எழுதினால் மூன்று சொல்லும் ஒரே பக்கத்தில் கலந்துவிடும், தேர்வாளர் மூன்றும் வேறுவேறு என்று நினைத்துக்கொள்வார். ஒரு தாளில் நீங்கள் ஆளப்போகும் சொற்களையும் அவற்றுக்கு நீங்கள் கொள்ளும் பொருளையும் எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவிடுங்கள்.

இப்போது நெறியாளர். இதைப் பற்றித் தனிப் பேச்சில் எல்லோரும் பேசுவார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேர் வரையும், இணைப் பேராசிரியர் 6 பேர் வரையும், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரையும் நெறிப்படுத்தலாம். வகுப்பு, தேர்வுத் தாள், துறை நிர்வாகம், இதற்கிடையில் எட்டுப் பேரின் இயல்கள் என்று நினைத்துப் பாருங்கள். நூறு பக்கத்தைக் கொண்டுபோய் "ஐயா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று வைத்துவிட்டு வந்தால் மூன்று மாதம் ஆனாலும் அது அங்கேயே இருக்கும். நமக்கோ திரும்பப் போய்க் கேட்கத் தயக்கம். அவர் கோபப்படுவாரோ, இன்னும் கொஞ்சம் எழுதிக்கொண்டு போகலாமோ என்று நாள் தள்ளிப்போகும். நான் ஆய்வு செய்த காலத்தில் இந்தத் தயக்கத்தால் மட்டும் எட்டு மாதம் போனது. அந்த எட்டு மாதமும் என் நெறியாளர் நான் எழுதவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். பின்னால் பேசியபோதுதான் இருவருக்கும் தெரிந்தது.

ஐந்து பக்கத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, இந்த இடத்தில் நான் கூற்றுக் குறிப்பை மறுக்கிறேன், இந்தச் சான்று போதுமா?" ஐந்து பக்கத்தை ஒரு தேநீர் இடைவேளையில் படித்துவிடலாம், கேள்விக்குப் பதிலும் சொல்லிவிடலாம். சந்திப்பு முடிந்த அன்றே என்ன பேசினோம், அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று நாலு வரி மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மரியாதைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்ற பேச்சும் வராது. அரையாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வு ஆலோசனைக் குழுக் கூட்டத்தையும் வெறும் சடங்காக விடாதீர்கள். உங்கள் துறையை அறிந்த வேறு ஆட்களும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன் ஓர் இயலின் வாதத்தை வைத்தால் வெளித்தேர்வாளர் என்ன கேட்பார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கருத்துத் திருட்டு விதி எல்லோரையும் நடுங்க வைக்கிறது, ஆனால் பலர் அதைப் படித்ததே இல்லை. மானியக் குழுவின் 2018 விதிப்படி, மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு கொடுக்க முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆதாரம் காட்டி மேற்கோள் குறிக்குள் கொடுத்தது, துணைநூற்பட்டியல், நன்றியுரை போன்றவை கணக்கில் வராது. ஆகவே பாடல் அடிகளை நிறையக் காட்டினோமே என்று பயப்பட வேண்டாம். தமிழ் ஆய்வேடுகளில் உண்மையான ஆபத்து உரைகளில் இருக்கிறது. பாடலுக்குக் கீழே பொருள் எழுதும்போது, படித்த உரை மனதில் ஊறிப்போய் அப்படியே நம் வாக்கியமாக வந்துவிடும். யாருடைய உரை என்று போட மாட்டோம். வேண்டுமென்றே செய்வதில்லை, குறிப்பெடுக்கும்போது மேற்கோள் குறி போடாமல் விட்டதால் வருகிறது. ஆகவே குறிப்பேட்டிலேயே மற்றவர் சொன்னதை ஒரு நிறத்திலும் நீங்கள் நினைத்ததை வேறு நிறத்திலும் எழுதுங்கள்.

கணினி விஷயம் சிறியது, ஆனால் கழுத்தை நெரிக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் உங்களிடம் இருந்தால் இப்போதே ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்கும் அப்படித்தான் தெரியும். மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறும், அதைத் திருத்தவே பல நாள் ஆகும். கடைசி மாதத்தில் அந்த வேலை வந்தால் தாங்காது. கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று உங்களுக்கு நீங்களே அனுப்பும் மின்னஞ்சலாக இருக்கட்டும். என்னுடைய மூன்றாம் இயல் தட்டச்சுக் கடைக் கணினியில் மட்டும் இருந்தது. அந்தக் கணினி பழுதானபோது என்னிடம் இருந்தது பழைய கையெழுத்துப் படி மட்டும்தான். நாலு மாதம் திரும்ப எழுதினேன்.

கடைசியாக உங்கள் நாள். முழுநேர ஆய்வாளர்களுக்கு வேறு நெருக்கடி. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை உதவித்தொகை ஆன பின் 42,000. ஐந்தாண்டு முடிந்ததும் அது நின்றுவிடும், ஆய்வேடு முடிந்திருக்காது. உங்களுக்குப் பணத்தோடு நேரமும் நெருக்கடி. "ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதிவிடலாம்" என்ற திட்டத்தை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைப்பு இருக்கும், உறவினர் வருவார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் வரும். எழுதவில்லையே என்ற குற்ற உணர்வோடு திங்கட்கிழமை கல்லூரிக்குப் போவீர்கள். ஒரு நாளில் நாற்பது நிமிடம் போதும், தினமும் ஒரே நேரத்தில். குழந்தை எழுவதற்கு முன் விடியற்காலையோ, கல்லூரியில் முதல் மணி அடிப்பதற்கு முன்போ. அந்த நாற்பது நிமிடத்தில் நூல் தேடக் கூடாது, அடிக்குறிப்பு சரிபார்க்கக் கூடாது, எழுத மட்டும் வேண்டும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போங்கள். முடிக்கும்போது நாளைக்கு எந்த வாக்கியத்திலிருந்து தொடங்குவேன் என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டு எழுந்திருங்கள். நாளுக்கு அரைப்பக்கம் வந்தாலும் ஓராண்டில் நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் சேரும். வீட்டில் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். "எப்போதான் முடியும்?" என்று கேட்பவர்களுக்கு "இந்த மாதம் இரண்டாம் இயல் முடியும்" என்று பதில் சொல்ல முடிந்தால், அந்தக் கேள்வியின் வலி பாதி குறைந்துவிடும்.

ஆய்வேட்டைக் கொடுக்கும் நாளில் அலுவலகத்தில் குறுந்தகடும் படிவமும் கேட்பார்கள். சோத்கங்காவில் ஏறப்போகும் விவரம் அந்தப் படிவத்திலிருந்துதான் போகும். களைப்பில் எதையாவது நிரப்பிவிடாதீர்கள். தலைப்பையும் முக்கியச் சொற்களையும் ஒருங்குறித் தமிழில் ஒருமுறையும் ரோமன் எழுத்தில் ஒருமுறையும் பிழையில்லாமல் எழுதிக் கொடுங்கள். உங்களைப்போல இரவில் உட்கார்ந்து முன்னோடி ஆய்வு தேடும் இன்னொருவருக்கு அது முதல் தேடலிலேயே கிடைக்கட்டும்.